பாண்டியன் கேளாத கேள்வி

விருதுநகர் வட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழாக்களுக்குத் தொடர்ந்து சென்று வருபவர்கள் பாண்டியன் அவையை ஒருமுறையேனும் மேடையில் கண்டிருப்பார்கள். அரசனுக்கு அட்டையில் செய்த முடி. அதன்மேல் சிவகாசி அச்சகம் ஒன்றில் கழித்துப் போட்ட பொன்னிறத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அரியணை, தலைமையாசிரியர் அறையிலிருந்து தூக்கி வந்த நாற்காலி. கண்ணகியாக வரும் மாணவி சிலம்பை ஓங்கி உடைப்பாள்; உள்ளே இட்டிருந்த பாசிமணிகள் மேடையெங்கும் உருளும். பாண்டியனாக வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிவான். உடனே கூட்டத்தில் சிரிப்பு எழும். முடி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக விழுந்துவிட்டால் சிரிப்பு இரு மடங்காகும்.

ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்த காலத்தில் இந்தச் சிரிப்பைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில், பிள்ளைகளின் விளையாட்டுத்தனம் என்று விட்டுவிட்டேன். பிழை சிரித்தவர்களிடம் இல்லை என்பது பிறகுதான் புலனாயிற்று. விழுவதற்கு முன் அந்த அரசன் எவ்வளவு உயரத்தில் நின்றான் என்பதை நாங்கள் மேடையில் காட்டவே இல்லை. மேடையில் மட்டுமா? வகுப்பிலும் காட்டவில்லை. ஒருவன் நாற்காலியிலிருந்து விழுந்தான் என்பதைத்தான் அவர்கள் கண்டார்கள், சிரித்தார்கள்.

நாடகத்தில் துன்பத்தில் முடியும் ஒரு பாத்திரத்தைப் பற்றி மாணவர்கள் எங்ஙனம் எழுதிப் பழகலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தேர்வுத்தாளில் இக்கேள்வி, ‘பாண்டியனின் பண்பு நலன்களை விளக்குக’ என்ற வடிவில் வரும். விடைகளில் நேர்மை, வீரம், நீதி தவறாமை என்று சிறு தலைப்புகள் வரிசையாக நிற்கும். ஒருமுறை அத்தகைய விடை ஒன்றை எடுத்து, ‘பாண்டியன்’ என்று இருந்த இடங்களிலெல்லாம் ‘மனுநீதிச் சோழன்’ என்று மாற்றி வகுப்பில் படித்தேன். ஒருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு ‘சிபி’ என்று மாற்றினேன்; அப்போதும் பொருந்திற்று. பெயரை மாற்றினாலும் மாறாத விடையில் அந்தப் பாத்திரம் இல்லை என்பதை அவர்களே சொன்னார்கள். நீங்களும் உங்கள் ஏட்டை எடுத்து இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். சற்று மனக்கசப்பைத் தரும் சோதனைதான்.

சிலப்பதிகாரத்தை நாடகக் காப்பியம் என்பது மரபு. அதில் துன்புற்றோர் பலர். கோவலன் வெட்டுண்டான், கண்ணகி கணவனை இழந்தாள், மாதவி துறவு பூண்டாள், அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறியதாக நொந்து மாதரி தீயில் புகுந்தாள். இத்தனை பேர் இருக்க, நான் ஏன் பாண்டியனைத் தேர்ந்துகொள்கிறேன்? மற்றவர்கள் மீது துன்பம் வந்து விழுந்தது. பாண்டியனோ தன் துன்பத்தைத் தன் வாயாலேயே செய்துகொண்டான். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், முற்றிலும் நல்லவனும் ஆகாமல் முற்றிலும் தீயவனும் ஆகாமல், ஏதோ ஒரு பிழையால் வீழ்பவனே துன்பியல் நாடகத்துக்கு ஏற்ற தலைவன் என்று கருதினார். நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைக் கூறுகிறார். பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு, உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு, முன்னை நிலை கெட்டு வேறாதல் அசைவு, வறுமை வெளிப்படை. கண்ணகிக்கு இழவு என்றும், செல்வம் தொலைத்த கோவலனுக்கு வறுமை என்றும் வகுப்பில் விரைவாகப் பிரித்துவிடுவார்கள். பாண்டியனுக்கு வரும்போது வகுப்பு இரண்டாகும். அசைவு என்பார் சிலர். ‘இளிவு பிறரால்தான் வரவேண்டுமா? தன்னால் தனக்கு வரக்கூடாதா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நான் அதற்கு விடை கூறவில்லை. அந்தக் கேள்வியையே கட்டுரைத் தலைப்பாகக் கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பெருநகரப் பிள்ளைகளுக்கு அது குறைவு. திருவிழாக் காலங்களில் இங்கே ஊர்தோறும் விடிய விடிய நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த பாடல்களையும் வசனங்களையும் வைத்துக்கொண்டு, பல ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றியே மேடையேறும் ஸ்பெஷல் நாடகம் அது. வள்ளி திருமணம், பவளக்கொடி ஆகியவற்றோடு கோவலன் நாடகமும் அதில் உண்டு. சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவிலேதான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகப் பயின்றார்கள். மேடையிலே விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸ் பிறந்த ஊர் சிவகாசி. 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்திருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. இதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நாடகம் என்பது புத்தகத்தில் மட்டும் இருப்பது அன்று என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால், எழுத்துப் பயிற்சியில் பாதி முடிந்த மாதிரி.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மேடையிலும் நாட்டுப்புறக் கதைப்பாடல்களிலும் வழங்கும் கோவலன் கதை, இளங்கோவடிகள் கூறிய கதை அன்று. காளியே பாண்டியன் மகளாகப் பிறந்து கண்ணகி ஆனாள் என்று சொல்லும் கதைப்பாடல் உண்டு. அங்கே எல்லாம் தெய்வத்தின் திட்டம். அரசன் வெறும் கருவி. கருவியைப் பற்றி என்ன கட்டுரை எழுதுவது? இளங்கோவடிகளும் ஊழை விடவில்லை. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயருடன் இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் பலித்தது என்று மதுராபதித் தெய்வத்தின் வாயால் சொல்கிறார். ஆயினும் அதைச் சொல்வது எல்லாம் முடிந்த பிறகுதான். அதற்கு முன், அரசன் வேறுவிதமாக நடந்திருக்கக்கூடும் என்று நாம் எண்ணும்படியான இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துக்கொண்டே போகிறார். அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே என் முதல் பயிற்சி.

தாளை நடுவே மடித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கத்தில் ‘அரசனுக்கு அப்போது தெரிந்தது’. வலப்பக்கத்தில் ‘நமக்குத் தெரிந்தது’. கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் படித்து இரு பக்கங்களையும் நிரப்ப வேண்டும். பொற்கொல்லனே அரசியின் சிலம்பைத் திருடியவன் என்பது வலப்பக்கம் போகும். கோவலன் விற்க வந்த சிலம்பு கண்ணகியுடையது என்பதும் வலப்பக்கமே. இடப்பக்கத்தில் என்ன இருக்கும்? ஆடல் மகளிரின் கூத்தை அரசன் கண்டிருந்தான்; அரசி ஊடல்கொண்டு, தலைநோய் என்று காரணம் காட்டி எழுந்து போய்விட்டாள்; அவளைத் தெளிவிக்க அவன் அமைச்சர் சுற்றத்தை விட்டு நீங்கி அந்தப்புரம் நோக்கி நடந்தான்; வாயிலருகே பொற்கொல்லன் எதிர்ப்பட்டு, காணாமற்போன சிலம்போடு கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்றான். இவ்வளவே. இடப்பக்கத்தில் நான்கு வரி. வலப்பக்கத்தில் நாற்பது வரி.

இப்பயிற்சியின் பயனைக் கவனியுங்கள். அமைச்சர்களை விட்டு நீங்கினான் என்பதைப் பாடம் நடத்தும்போது பல ஆண்டுகள் நானே ஓட்டமாகப் படித்துக் கடந்திருக்கிறேன். இடப்பக்கத்தை நிரப்பிய ஒரு மாணவன்தான், ‘அமைச்சர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பார், ஐயா’ என்றான். என்ன கேட்டிருப்பார்? ‘சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் என்ன?’ என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விதான் வழக்கின் உயிர். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் உள்ளவை முத்து என்கிறான். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்பது அவனுக்கு முதலிலிருந்தே தெரியும்! ஆகவே அவன் அறியாமையால் வீழ்ந்தான் என்று எழுதுவது பிழை. தேவையான அறிவு அவனிடமே இருந்தது. அதைப் பயன்படுத்தும் கேள்விதான் வாயில் வரவில்லை. காவலரை அழைத்து, ‘கொல்ல’க் கொண்டுவருக என்று சொல்ல வேண்டியவன் ‘கொன்று’ கொண்டுவருக என்று சொல்லிவிட்டான், வினைப்பயன் நாவைப் பிறழச் செய்தது என்று ஒரு விளக்கம் தமிழ் வகுப்புகளில் வழங்கிவருகிறது. கேட்க இனிமையான விளக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நாப் பிறழ்ந்தது என்று கொண்டால் அரசனை நாம் எளிதில் மன்னித்துவிடுகிறோம். அவனோ தன்னை அவ்வாறு மன்னித்துக்கொள்ளவில்லை.

இதே பயிற்சியை வழக்குரை காதைக்கும் நீட்டினால், அவன் உயரம் தெரியும். பரல் முத்து என்பதை அவன் மறைத்திருக்கலாம். எதிரே நிற்பவள் துணையில்லாத பெண். ஊரும் வேறு, நாடும் வேறு. அவன் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அவன் அவள் சொன்னதை நல்ல சொல் என்று ஏற்றுக்கொண்டு, தன் சிலம்பின் பரலைத் தானே சொல்லி, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள்முன் வைக்கிறான். தன்மேல் சாட்சி சொன்னவனும் அவனே, தீர்ப்புக் கூறியவனும் அவனே. மாணிக்கம் தெறித்த பிறகு அவன் எடுத்துக்கொண்ட நேரம் மிகச் சிறிது. அந்த நேரத்துக்குள் அவன் மனத்தில் ஓடியதைப் பத்து வரிக்கு மேற்படாமல் தன்மையில் எழுதுங்கள் என்பது இரண்டாம் பயிற்சி. நூலில் இல்லாத புதிய செய்தி எதையும் சேர்க்கக்கூடாது; ‘ஐயகோ’ கூடாது. இந்த இரண்டாம் விதியைச் சொன்னதும் வகுப்பில் பாதிப்பேர் எழுத வழியறியாமல் தவிப்பார்கள். தவிக்கட்டும். ஐயகோ போன பிறகு எஞ்சுவதுதான் அரசனுடையது.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். இங்கே சிலம்பு, அங்கே கைக்குட்டை. இங்கே பொற்கொல்லன், அங்கே இயாகோ. ஆனால் ஒற்றுமையை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஒதெல்லோ கேள்வி கேட்கிறான், மனைவியிடமும் கேட்கிறான், தோழியிடமும் கேட்கிறான், விடையைத்தான் நம்புவதில்லை. பாண்டியன் கேட்கவே இல்லை. ஆனால் உண்மை வந்து நின்றவுடன் ஒரு கணமும் மறுக்காமல் நம்புகிறான். இரண்டு வீழ்ச்சிகளும் ஒன்றல்ல. தமிழிலேயே வேறொன்று வேண்டுமானால், மதுரைக்கு அருகே விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற் கலைஞரின் ‘மானவிசயம்’ இருக்கிறது. சிறையிலே தண்ணீர் கேட்டு, அது காலந்தாழ்ந்து இகழ்ச்சியோடு வந்ததால் பருகாமல் உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் கதை அது. அங்கே மானம், இங்கே நீதி.

மூன்றாவது பயிற்சிதான் நான் நெடுநாள் விரும்பி நடத்தியது. அது அரசனைப் பற்றியது அன்று, காவலரைப் பற்றியது. அரசன் ஆணையிட்டான் என்பதோடு நம் பாடக்குறிப்புகள் நின்றுவிடுகின்றன. ஆணைக்கும் வாளுக்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. காவலர் குடிலுக்கு வருகிறார்கள், கோவலனைப் பார்க்கிறார்கள், இவன் தோற்றத்தைக் கண்டால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்கிறார் ஒருவர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்கு எட்டுத் துணை உண்டு எனக் களவுநூல் விரிக்கிறான். இன்னோர் இளங்காவலன், மழைக்கால நள்ளிரவில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்ட ஒரு கள்வனைப் பற்றிச் சொல்கிறான். விட்டுவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பானே என்ற அச்சமும் அவன் பேச்சில் இருக்கிறது. எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போதே, கல்வியற்ற, கள்வெறி கொண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான். வெட்டியவன் ஒருவன். ஐயம் கொண்டும் தடுக்காமல் நின்றவர்கள் சிலர். அவர்களில் ஒருவன் விசாரணையில் தரும் வாக்குமூலத்தை எழுதுக என்பேன். கண்டதும் கேட்டதும் மட்டுமே வரவேண்டும்.

இதனிடையே, பொற்கொல்லனைப் பற்றி ஒரு சொல். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகிறது. ஒருவன் செய்த திருட்டுக்கு ஆயிரம் பேர். ஓராண்டு இப்பகுதியை வகுப்பில் படித்தபோது, நகைத்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்திலிருந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து, வாக்குமூலத்தில் ‘பொற்கொல்லர்கள்’ என்று பன்மையில் எழுதினால் மதிப்பெண் குறைப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். குற்றம் செய்தவன் ஒருவன்; அவனை ஒருமையில் எழுதுக.

வாக்குமூலப் பயிற்சியைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டேன். அதிலே நான் செய்த பிழையையும் சொல்வதுதான் முறை.

எங்கள் பள்ளி சிவகாசிக்கு வடக்கே ஒரு சிற்றூரில் இருந்தது. மாணவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் வேலைக்குச் செல்பவர்கள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் வகுப்பில் ஏதாவது ஓர் ஓசை கேட்டால் பிள்ளைகள் முதலில் சன்னலைப் பார்ப்பார்கள். பிறகுதான் என்னைப் பார்ப்பார்கள். அந்த ஆண்டுகளில் ஒன்றில்தான் இது நடந்தது.

வாக்குமூலம் எழுதச் சொல்லியிருந்தேன். ஏடுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தினேன். பெரும்பாலானவை வழக்கமானவை. ஒன்று மட்டும் என்னை நிறுத்தியது. வகுப்பில் வாய் திறக்காத, பிழை மலிந்த கட்டுரைகளையே அதுவரை எழுதிவந்த ஒரு மாணவனுடைய ஏடு. அதிலே இருந்தவை ஐந்தாறு வரிகளே. நினைவிலிருந்து சொல்கிறேன்: ‘வெட்டியவன் நான் இல்லை. வெட்டும்போது பக்கத்தில் நின்றவன். அவர் திருடர் இல்லை என்று எனக்கும் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்பார்கள். இப்போது தினமும் சொல்கிறேன். கேட்க அவர் இல்லை.’

இவனால் இதை எழுதியிருக்க முடியாது என்று நான் முடிவு செய்தேன். சிவப்பு மையில், ‘எங்கிருந்து எடுத்தாய்?’ என்று எழுதி, மதிப்பெண் இடாமல் ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வரியின் முடிவில் கேள்விக்குறி இட்டிருந்தேன்; ஆயினும் அது கேள்வி அன்று. விடையை நான் எதிர்பார்க்கவில்லை. பார்த்து எழுதினால் இதுதான் நடக்கும் என்று வகுப்பிலும் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் மறுக்கவில்லை. ஏட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த இரண்டு மாதங்கள் அவன் தந்த கட்டுரைகளில் வழிகாட்டி நூலின் வரிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அவற்றுக்கு நான் தவறாமல் மதிப்பெண் இட்டேன்.

‘நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்’ என்று பாண்டிய நாட்டுக் காவலன் பேசுவது எந்த வழிகாட்டி நூலில் இருக்கும்? அந்த ஒரு வரியே போதும், அது களவு அன்று என்று காட்ட. அது என் கண்ணில்படவும் செய்தது. காலத்துக்குப் பொருந்தாத நடை என்று அடிக்கோடு வேறு இட்டிருந்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் தந்தை, உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றில் கையெழுத்துப் பெற என் அறைக்கு வந்தார். வலக்கையில் தீக்காயத் தழும்பு முழங்கை வரை இருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். முன்பு ஓர் ஆலையில் போர்மேனாக இருந்ததாகவும், இப்போது அச்சகம் ஒன்றில் காவல் பார்ப்பதாகவும் சொன்னார். ஏன் விட்டீர்கள் என்றேன்.

“ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும் சார். அன்னைக்கு தீபாவளி நெருக்கம், ஏழு பேரு இருந்தாங்க. எனக்குத் தெரியும். மருந்தும் கூடுதலா எடுத்து வச்சிருந்தாங்க. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம், சொன்னா நாளையிலருந்து வராதேன்னுருவாங்களேன்னு இருந்துட்டேன். நான் வாசல்ல நின்னேன், தப்பிச்சேன்.”

எனக்கு அந்த வரி காதில் விழுந்தவுடன் கை நின்றுவிட்டது. பையனை அழைத்து, அந்த ஏட்டை எடுத்துவரச் சொன்னேன். தந்தை எழுத்துக்கூட்டி மெல்லப் படித்தார். கண்ணகி கதையில் இந்தக் காவலன் யார் என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “இது நான் வீட்டுல சொல்றது சார். ராத்திரி தூக்கம் வராதப்ப சொல்வேன். இவன் முழிச்சிக்கிட்டு இருந்திருக்கான்” என்றார். சிவப்பு மையைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அதையும் அவர் படித்திருந்தார்.

மறுநாள் வகுப்பில், அவனிடம் கேட்காமலே நான் எழுதிய வரி அது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, அதை அடித்துவிட்டு மதிப்பெண் இட்டேன். அவன் “சரிங்க சார்” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உடனே அவன் நன்றாக எழுதத் தொடங்கிவிட்டான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆண்டு இறுதியில் அரசனின் பத்து வரிப் பயிற்சியில் மட்டும், முத்து என்பது எனக்கு முன்பே தெரியும் என்று தொடங்கியிருந்தான்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை நான் திருத்திய ஏடுகளில், ஐயம் தோன்றிய இடத்தில் சிவப்பு மையால் எழுதுவதை நிறுத்திவிட்டு, பென்சிலால் ஒரு சிறு வட்டம் மட்டும் இட்டேன். வட்டம் இருந்தால் மாணவன் இடைவேளையில் என் அறைக்கு வரவேண்டும். இந்த வரி உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்பேன். பத்தில் ஆறேழு முறை அது பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். எஞ்சிய மூன்று நான்கில் ஒரு பாட்டி இருப்பாள், ஒரு வழக்கு இருக்கும், ஊரை விட்டுப் போன ஒரு சித்தப்பா இருப்பார். நேரம் பிடிக்கும் வேலைதான். நாற்பது ஏட்டில் ஐந்தாறு வட்டம் என்றால் அந்த வார இடைவேளைகள் போய்விடும். இளம் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

அந்த ஆண்டு விழாவிலும் பாண்டியன் அவை உண்டு. நாடகத்தைச் சற்று மாற்றினோம். பாண்டியன் அமைச்சரை விட்டு நீங்கிப் போகும் காட்சியை முதலில் வைத்தோம். அவன் விழுந்தபிறகு ஒரு காவலன் முன்னே வந்து வாக்குமூலம் தருவதாக முடித்தோம். காவலன் வேடத்தை அவனுக்குத்தான் கொடுக்க நினைத்தேன், கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டான். வேறொரு மாணவன் ஏற்றான். எழுதியவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதும் அவன் கேட்டுக்கொண்டதே.

அரசன் விழுந்தபோது பின்வரிசையில் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். காவலன் முன்னே வந்தான். நான் மேடைப் பக்கம் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தந்தையார் எழுந்து, அமர்ந்திருந்தவர்களின் கால்களை மிதிக்காமல் விலகி விலகிச் சென்று, சுற்றுச்சுவர் வாயிலருகே நின்றுகொண்டார். வெளியே போய்விடுவார் என்று எண்ணினேன். போகவில்லை. வாக்குமூலம் முடியும்வரை அங்கேயே நின்றார்.